பக்கத்துப் பக்கத்து நாடு, ஆளுக்கொரு ரசாயன விதி: தோல் ஏற்றுமதி செய்பவர் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஆம்பூரில் சிறிய அளவில் தோல் காலணியும் பையும் செய்கிறோம். ஜெர்மனி, பிரான்ஸ், டென்மார்க், பிரிட்டன் நாடுகளுக்கு அனுப்புகிறோம். எல்லாம் ஒட்டியும் பக்கத்திலும் இருக்கும் நாடுகள்தான். ஆனால் ரசாயன விதிகள் ஒன்றுபோல் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் சரக்கு செய்ய வேண்டுமா? மற்ற நிறுவனங்கள் எப்படிச் சமாளிக்கின்றன?"

இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு இதுதான் வேலை. தோல் பதனிடும் டேனரிக்கும் வாங்கும் பையருக்கும் நடுவில் நின்று, எந்த ரசாயனம் போகலாம், எது போகக்கூடாது என்று பார்ப்பவன் நான். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் வேண்டுமென்றால், நாடு வாரியாகப் பட்டியல் போடுவதை நிறுத்திவிட்டு, ரசாயனம் எந்தக் கட்டத்தில் தோலுக்குள் நுழைகிறது என்று பட்டியல் போடுங்கள். பதனிடும் டிரம்மில் நுழைவது, மேல்பூச்சு அடிக்கும் ஃபினிஷிங்கில் நுழைவது, தைக்கும் இடத்தில் நுழைவது, பெட்டியில் அடைக்கும்போது நுழைவது. எங்கே பொதுவான விதி, எங்கே தனி விதி என்பது இதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஏன் அப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. நம் பாலாற்றுப் பகுதிக்கு இந்தப் பிரச்சினை வந்தது 1989 டிசம்பரில். ஜெர்மனி அப்போது பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. நாம் பிசிபி என்று சொல்வோம். ஈரத் தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அன்று எல்லாரும் போட்டதுதான். விலை குறைவு, நன்றாக வேலை செய்யும். ஜெர்மனி முடிந்த பொருளுக்கே வரம்பு வைத்தது: ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம். பக்கத்தில் பிரான்ஸில் அப்படி இல்லை. 1991-ல் ஐரோப்பிய சமூகம் பொதுவாக ஒரு விதி கொண்டுவந்தது. அது ரசாயனக் கலவைகளில் 0.1 சதவீதம் வரை விட்டுவைத்தது, சில பயன்பாடுகளுக்கு விலக்கும் கொடுத்தது. ஜெர்மனி தன் கடுமையான விதியையே வைத்துக்கொள்வேன் என்றது. ஐரோப்பிய ஆணையம் சரி என்று அனுமதித்தது. பிரான்ஸ் நீதிமன்றம் போனது. 1994 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. ஆனால் காரணத்தைக் கவனியுங்கள்: ஜெர்மனி வைத்த வரம்பு தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை, ஆணையம் போதிய விளக்கம் தரவில்லை என்று மட்டும் சொன்னது. அதே ஆண்டு ஆணையம் விளக்கத்தோடு மறுபடியும் அனுமதி கொடுத்தது. ஜெர்மனியின் விதி நின்றது.

இரண்டு நாடுகள் நீதிமன்றத்தில் வாதாடிய அந்தக் காலம் முழுக்க வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருந்தவர்களுக்கு வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க நேரமில்லை. ஜெர்மனி அப்போது இந்தியத் தோலுக்குப் பெரிய சந்தை. பிசிபி-யை நிறுத்தி டிசிஎம்டிபி போன்ற மாற்றுகளுக்கு மாறினார்கள். மாறிய பிறகும் சோதனையில் பிசிபி வந்தது. காரணம், 5 மில்லிகிராம் என்பது அவ்வளவு சிறிய அளவு. மர டிரம்மின் பலகையில் ஊறியிருந்தது கசிந்தால் போதும். வெளியிலிருந்து வாங்கிய பாதி பதனிட்ட தோலில் யாரோ ஒருவர் போட்டிருந்தால் போதும். "நான் போடவில்லை" என்பதும் "என் தோலில் இல்லை" என்பதும் வேறு வேறு என்று நம் தொழில் அப்போதுதான் கற்றுக்கொண்டது. இந்தப் பாடம் இன்னும் பழசாகவில்லை.

அப்புறம் அசோ சாயம். 1994-ல் ஜெர்மனி, உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களைத் தரக்கூடிய அசோ சாயங்களைத் தடை செய்தது. நெதர்லாந்தும் ஆஸ்திரியாவும் சில வருடங்களில் பின்னால் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி 2002-ல் எழுதப்பட்டு 2003 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது: 22 அமீன்கள், ஒவ்வொன்றுக்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம். ஆனால் இந்தியா 1997 மார்ச்சிலேயே 70 சாயங்களைத் தடை செய்துவிட்டது. ஏற்கெனவே தடையில் இருந்த 42 பென்சிடின் சாயங்களோடு சேர்த்து 112. ஐரோப்பா முழுவதும் ஒரே முடிவுக்கு வருவதற்கு 6 வருடம் முன்னாலேயே நாம் முடிவெடுத்திருந்தோம். ஜெர்மனிக்கு விற்க வேண்டுமே என்ற நெருக்கடி அதில் பெரிய பங்கு.

இதே வரிசை திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தோலில் ஆறிணைதிறன் குரோமியம், அதாவது குரோம் சிக்ஸ்: ஜெர்மனி 2010, ஒன்றியம் முழுக்க 2015 மே 1. காலணிப் பெட்டியிலும் சோஃபாவிலும் பூஞ்சைக்காகப் போட்ட டைமெத்தில் ஃப்யூமரேட்: பிரான்ஸ் 2008 டிசம்பர், பெல்ஜியம் 2009 ஜனவரி, ஒன்றியம் முழுக்க 2009 மே 1. அசோ சாயத்துக்கு 9 வருடம் ஆனது, குரோம் சிக்ஸுக்கு 5 வருடம், ஃப்யூமரேட்டுக்கு 5 மாதம். பிசிபி-யோ 2015-ல், அழியாமல் நிற்கும் நச்சுப் பொருள்களைத் தடுக்கும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. பக்கத்து நாடுகளில் ஒன்று கடுமையாக ஒரு விதி வைத்தால், மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்திருக்கிறது. என் அனுபவத்தில், கடுமையான நாடு பின்வாங்கும் என்று நம்பி இருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

சரி, இப்போது டிரம்முக்கு வருவோம்.

2012 வாக்கில் நடந்தது. ஒரு டேனரியில் எடுத்த ஒரே லாட் ஆட்டுத் தோல். பாதியில் செய்த காலணிகள் இத்தாலிக்குப் போயின, பாதி ஜெர்மனிக்கு. இங்கே சோதனை செய்தபோது குரோம் சிக்ஸ் இல்லை என்று அறிக்கை வந்தது. ஜெர்மனியில் பையர் மறுபடியும் சோதித்தபோது கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்புக்கு மேல் இருந்தது. இத்தாலிக்குப் போன பாதி கடைகளில் விற்றது. ஜெர்மனிக்குப் போன பாதி திரும்பி வந்தது, கப்பல் கூலி நம் தலையில்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். குரோம் டேனிங்கில் யாரும் குரோம் சிக்ஸைப் போடுவதில்லை. போடுவது மூவிணைதிறன் குரோமியம், பச்சையும் நீலமுமாக இருக்கும் அந்தப் பொடி. தோலுக்குள் இருக்கும் எண்ணெய் காற்றுபட்டுக் கெடும்போது அது குரோமியத்தையும் ஆறிணைதிறனுக்கு ஏற்றிவிடும். வெயில், சூடு, வறண்ட காற்று எல்லாம் அதைத் தூண்டும். ஈரக்காற்று அடக்கி வைக்கும். அதாவது ஐப்பசி மாதம் ஆம்பூர் குடோனில் சோதித்த தோலில் ஒன்றும் இருக்காது. அதே தோல் ஜனவரியில் ஹீட்டர் போட்ட ஒரு ஜெர்மன் கடையின் வறண்ட அறையில் மாதக்கணக்கில் இருந்தால் குரோம் சிக்ஸ் பிறந்துவிடும். எங்கள் ஆய்வகம் தோலை அப்படியே சோதித்தது. பையரின் ஆய்வகம் 80 டிகிரியில் 24 மணி நேரம் வறண்ட சூட்டில் வைத்து, முதுமையாக்கிய பிறகு சோதித்தது. இரண்டு அறிக்கையும் உண்மை. ஒப்பந்தத்தில் எந்த முறை என்று யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நான் டேனரிக்குப் போய் மேஸ்திரியிடம் பேசினேன். முப்பது வருடம் டிரம்மோடு இருந்தவர். கையை முழங்கை வரை ஈரத் தோலுக்குள் விட்டு, தடவிப் பார்த்தே எண்ணெய் ஏறிவிட்டதா என்று சொல்வார். லாட் கார்டை எடுத்துக் காட்டினார்: மீன் எண்ணெய் சார்ந்த ஃபேட் லிக்கர், அதாவது தோலுக்கு ஏற்றும் எண்ணெய்க் கலவை. மென்மைக்கு அருமையானது, ஆனால் சீக்கிரம் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் எண்ணெய். "பாய், ஜெர்மனி சரக்குக்கு மட்டும் வேற எண்ணெய் போடலாமா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது:

"சார், காலையில ஆறு மணிக்கு டிரம்ல தோலைப் போடறப்போ இது எந்த நாட்டுக்குப் போகும்னு எனக்கே தெரியாது. டிரம்முக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். தோலை கிரஸ்ட் நிலை வரை, அதாவது மேல்பூச்சுக்கு முந்தைய உலர்ந்த நிலை வரை, பொதுவாகச் செய்து அடுக்கி வைப்பார்கள். ஆர்டர் வந்த பிறகுதான் மேல்பூச்சுக் கலரும் ஃபினிஷும் முடிவாகும், அதற்குப் பிறகுதான் நாடு தெரியும். டிரம் கட்டத்தில் நாடு என்பதே கிடையாது. ஆகவே அந்தக் கட்டத்தில் நுழையும் எல்லாவற்றுக்கும், அதாவது பூஞ்சைக்கொல்லி, குரோம், எண்ணெய், சாயம் அத்தனைக்கும் உங்கள் பையர்களில் மிகக் கடுமையான நாட்டின் வரம்பே எல்லாருக்கும் வரம்பு. பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. நல்ல எண்ணத்தால் மட்டும் செய்வதில்லை. இரண்டு செய்முறை வைத்து, இரண்டு அடுக்கு வைத்து, கலந்துவிடாமல் காவல் காப்பதை விட அது மலிவு.

அந்த டேனரியில் செய்த மாற்றங்கள் சின்னவைதான். மீன் எண்ணெயைக் குறைத்து, சீக்கிரம் கெடாத எண்ணெய்க்கு மாறினார்கள். அமிலத்தைத் தணிக்கும் நியூட்ரலைசிங்கில் காரம் அதிகமாகாமல் பார்த்தார்கள், சாயத்துக்கு முன்னால் அம்மோனியா விடுவதை நிறுத்தினார்கள், முடிவில் பிஹெச் 4-க்குக் கீழே இறங்குகிறதா என்று லாட் தவறாமல் எழுதினார்கள். முக்கியமாக, மறுபடி பதனிடும் ரீடேனிங்கில் கொஞ்சம் தாவர டானின் சேர்த்தார்கள். பட்டையிலும் காயிலும் இருக்கும் டானின் தானே ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு குரோமியத்தைக் காப்பாற்றும். திண்டுக்கல், ஈரோடு பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்டவர்களுக்கு அந்தப் பட்டைச்சாறு தோலை எப்படிக் காக்கும் என்பது தலைமுறைகளாகத் தெரியும். குரோம் தோலுக்கு அதையே துளி சேர்க்கிறோம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இதுபோன்ற விஷயங்களில் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள். சின்ன நிறுவனம் என்று தயங்காமல் போய்க் கேளுங்கள்.

2015-ல் ஒன்றியம் முழுக்க விதி வந்தபோது அந்த டேனரிக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. இத்தாலிக்கு மட்டுமே விற்றுக்கொண்டிருந்த பக்கத்து டேனரிகள் அந்த வருடம் ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும்.

டிரம்மைத் தாண்டிவிட்டால் கதை மாறும். ஃபினிஷிங்கில் தெளிப்பது ஆர்டர் வாரியாகத்தான். இங்கே நாட்டுக்கு நாடு பிரித்துச் செய்ய முடியும். அதற்காக உடனே பிரித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நீர் ஒட்டாமல் இருக்க அடிக்கும் ஃப்ளூரின் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள், பிஃபாஸ் என்று இப்போது எல்லாரும் பேசுவது. டென்மார்க் 2020 ஜூலையில் உணவு சுற்றும் காகிதத்திலும் அட்டையிலும் அதைத் தடை செய்தது. பிரான்ஸ் 2025 பிப்ரவரியில் சட்டம் போட்டு, 2026 ஜனவரி 1 முதல் ஆடை, காலணி, அவற்றின் மேல் அடிக்கும் நீர்விலக்கி, அழகுசாதனம், பனிச்சறுக்கு மெழுகு ஆகியவற்றில் நிறுத்தியது. டென்மார்க்கின் ஆடை, காலணித் தடை 2026 ஜூலை 1-ல் தொடங்குவது. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஐந்தும் சேர்ந்து இந்த ரசாயனக் குடும்பம் முழுவதற்கும் ஒரே தடை வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஐரோப்பிய ரசாயன முகமையிடம் கொடுத்த முன்மொழிவு ஆயிரக்கணக்கான சேர்மங்களைத் தொடுவதால் வருடக்கணக்கில் இழுக்கிறது. பிரான்ஸின் சட்டத்திலேயே முதலில் இருந்த சமையல் பாத்திரங்கள், விவாதத்தின் நடுவில் எடுக்கப்பட்டுவிட்டன. இப்படித்தான் ஓட்டை விழும், வேறுபாடு பிறக்கும்.

பிரிட்டனுக்கு மட்டும் பழைய பூச்சையே அடித்தால் என்ன? அடிக்கலாம். ஆனால் ஒரே ஸ்ப்ரே கூண்டில், ஒரே குழாயில், ஒரே பக்கெட்டில் காலையில் ஃப்ளூரின் பூச்சும் மாலையில் அது இல்லாத பூச்சும் ஓட்டினால் மிச்சம் ஒட்டும். தனி கூண்டு, தனி துப்பாக்கி வைக்க முடிந்தவர் பிரிக்கலாம். இரண்டு ஸ்ப்ரே லைன் இல்லாத சிறு தொழிலுக்கு நான் சொல்வது, பூச்சை மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்பதே. மெழுகும் சிலிக்கோனும் வைத்த நீர்விலக்கிகள் எண்ணெய்க் கறையைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை. அதைப் பையரிடம் முதலிலேயே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையில் மழைத்துளி உருண்டு ஓடினால் போதும் என்பவர்கள்தான் பெரும்பாலோர்.

தைக்கும் இடம்தான் பலர் கோட்டைவிடும் இடம். தோலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள் பக்கிளையும் ஜிப்பையும் பாரிமுனையிலோ டெல்லியிலோ மொத்தக் கடையில் வாங்கி வந்து தைத்துவிடுவார்கள்.

ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரீச் சட்டத்தில், மிகவும் கவலைக்குரிய பொருள்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2008 அக்டோபரில் 15 பொருளோடு தொடங்கியது, இப்போது 240-ஐத் தாண்டிவிட்டது, பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை நீளும். அதில் இருக்கும் பொருள் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். எதில் 0.1 சதவீதம்? இங்கேதான் ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு அண்டை நாடுகள் இரண்டாகப் பிரிந்தன. 800 கிராம் எடையுள்ள ஒரு பை. அதில் 2 கிராம் எடையில் ரப்பர் போல மெத்தென்ற ஒரு ஜிப் புல்லர். அந்தப் புல்லரில் பத்து சதவீதம் டிஇஹெச்பி என்ற தாலேட், பிளாஸ்டிக்கை மெத்தென்றாக்கச் சேர்ப்பது. அதாவது 0.2 கிராம். பை முழுவதையும் வைத்துக் கணக்குப் போட்டால் 0.025 சதவீதம், ஒன்றும் சொல்ல வேண்டாம். புல்லரை மட்டும் வைத்துப் போட்டால் பத்து சதவீதம், வரம்பைப் போல நூறு மடங்கு. முகமையின் வழிகாட்டி முதல் கணக்கைச் சொன்னது. பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன், பெல்ஜியம், ஆஸ்திரியா போன்ற நாடுகள் இரண்டாவது கணக்கையே பிடித்தன. எல்லையைத் தாண்டினால் ஒரே பை சட்டத்துக்கு உட்பட்டதாகவும் உட்படாததாகவும் இருந்தது. 2015 செப்டம்பரில் பிரான்ஸிலிருந்து போன ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் உறுப்பு வாரியாகத்தான் கணக்கு என்று முடித்துவைத்தது. பழைய கணக்கை நம்பியவர்கள் பக்கிள், ஜிப், லைனிங், பசை என்று ஒவ்வொன்றுக்கும் பின்னோக்கிப் போய்த் தகவல் தேட வேண்டியதாயிற்று. பக்கிள் கடைக்காரரிடம் அந்தத் தகவல் இருக்கவே இல்லை.

உங்களுக்குச் சொல்வது இதுதான்: புல்லர், பக்கிள், விளிம்பில் பூசும் பெயின்ட், பசை, பிரிண்ட் லேபிள், இவற்றை எல்லா நாட்டுக்கும் ஒரே இடத்தில், எழுதிக் கொடுக்கும் ஆளிடம் மட்டும் வாங்குங்கள். ஒரு பையில் மொத்தமாகப் பத்துப் பதினைந்து உறுப்புதான் வரும். நாட்டுக்கு ஒரு புல்லர் வைத்து நிர்வகிக்க யாராலும் முடியாது.

பெட்டி கட்டும் இடத்தை மறக்காதீர்கள். டைமெத்தில் ஃப்யூமரேட் விவகாரம் சின்னப் பொட்டலத்தில் வந்தது. மழைக்காலத்தில் கன்டெய்னருக்குள் பூஞ்சை பிடிக்கும் என்ற பயத்தில் பேக்கிங் ஆள் கடையில் கிடைத்த பாக்கெட்டை அள்ளிப் போடுவார். ரசாயனம் பார்க்கும் ஆளின் கண்ணுக்கே அது வராது. ஐரோப்பாவில் அந்தப் பாக்கெட்டின் ஆவியால் சோஃபாவில் உட்கார்ந்தவர்களுக்கும் காலணி போட்டவர்களுக்கும் தோல் வெந்து புண்ணானது. சின்னக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வரம்பு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். இது விதிக்காகச் செய்யும் வேலை என்று நினைக்கத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்தப் புண்களின் படங்கள் ஞாபகம் வரும். பேக்கிங் அறைக்கு ஒரு பூட்டுப் போட்டு, நீங்கள் அனுமதித்த சிலிக்கா ஜெல் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

கடுமையானதை எல்லாருக்கும் வை என்பது எங்கும் செல்லும் மந்திரம் இல்லை. இரண்டு அண்டை நாடுகள் எதிரெதிராகக் கேட்கும் இடம் உண்டு. சோஃபா மெத்தைகள் நல்ல உதாரணம். பிரிட்டனில் 1988-ல் வந்த தீப் பாதுகாப்பு விதிப்படி வீட்டுச் சோஃபாவின் மேல்துணி தீக்குச்சி நெருப்பைத் தாங்க வேண்டும். நடைமுறையில் அதற்குத் தீத்தடுப்பு ரசாயனம் சேர்க்க வேண்டியிருக்கும். அயர்லாந்திலும் அதே வகை விதி. கண்டத்து ஐரோப்பாவில் வீட்டுச் சோஃபாவுக்கு அப்படிக் கட்டாயமில்லை. மாறாக டெக்காபிடிஇ போன்ற தீத்தடுப்பிகளையே 2019 மார்ச் முதல் நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே மிகக் கடுமையானது எது? ஒரு நாடு போடு என்கிறது, பக்கத்து நாட்டுப் பையர் அந்த வகையே வேண்டாம் என்கிறார். இதற்குத் தனி லைன்தான் வழி. தனி ரோல், தனி நிற லேபிள், தனி குடோன் மூலை. நல்லவேளை, காலணியும் பையும் செய்யும் உங்களுக்கு இப்படி முட்டும் இடம் குறைவு.

உங்கள் பட்டியலில் இருக்கும் பிரிட்டனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் அங்கே தனி ரீச். வட அயர்லாந்து மட்டும் ஐரோப்பிய ரீச்சிலேயே இருக்கிறது. ஆக, பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்கு ஒரே விதி, பெல்ஃபாஸ்டிலிருந்து லிவர்பூலுக்கு வேறு விதி, அதுவும் ஒரே அரசின் கீழ். சாயம், பசை, பூச்சு என்று ரசாயனத்தையே ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது பெரிய செலவு. வருடத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் போனால் பதிவு, ஐரோப்பாவுக்கு ஒரு பிரதிநிதி, பிரிட்டனுக்கு இன்னொரு பிரதிநிதி, ஒரே தகவலுக்கு இரண்டு முறை பணம். பிரிட்டனின் பதிவுக் கெடு தொடக்கத்தில் 2023, 2025, 2027 என்று இருந்து, பிறகு தள்ளிப்போடப்பட்டது. காலணியும் பையும் அனுப்பும் உங்களுக்குப் பொதுவாகப் பதிவுச் சுமை கிடையாது. இதை யாராவது பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்டால் நிதானமாக விசாரியுங்கள். தடைகளும் வரம்புகளும்தான் உங்களைத் தொடும், அவை பிரிந்த நாளில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதன் பிறகு ஐரோப்பிய பட்டியல் வேகமாக நீள்கிறது, பிரிட்டன் மெதுவாக நகர்கிறது. ஐரோப்பியப் பட்டியலைப் பின்பற்றினால் பெரும்பாலும் பிரிட்டனும் அடங்கிவிடும்.

இனி காகிதம். நான் பார்த்த தோல்விகளில் ரசாயனத்தால் வந்ததைவிடக் காகிதத்தால் வந்தது அதிகம். சப்ளையர் ஒரு தாளில் "எங்கள் பொருள் ரீச் விதிப்படி உள்ளது" என்று முத்திரை வைத்துத் தருவார். அந்தத் தாளுக்கு மதிப்பே இல்லை. எந்தப் பட்டியல், எந்தத் தேதிப் பட்டியல், எந்த பேட்ச், யார் சோதித்தது என்று ஒன்றும் இருக்காது. வணிகப் பெயர் அதே இருக்கும், உள்ளே கலவை மாறியிருக்கும். ஆகவே சப்ளையரிடம் மூன்று கேளுங்கள்: ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணான சிஏஎஸ் எண்களோடு, பட்டியலின் தேதி போட்டு, கையெழுத்திட்ட உறுதிமொழி, பேட்ச் எண் டப்பாவிலும் பில்லிலும் ஒன்றாக இருப்பது, கலவை மாறினால் முன்கூட்டியே எழுத்தில் சொல்வதாக வாக்கு. கலவை ரகசியம் என்பார்கள். ரகசியத்தை வைத்துக்கொள்ளட்டும், தடைப்பட்டியலில் உள்ளது இல்லை என்று எழுதித் தருவதில் என்ன ரகசியம்?

ஒவ்வொரு லாட்டிலும் உள்ளங்கை அளவு தோலை வெட்டி, லாட் எண் எழுதி, கவரில் போட்டு இரண்டு மூன்று வருடம் வைத்திருங்கள். பையர் ஒருநாள் புகார் சொல்லும்போது உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துண்டுதான்.

பையரிடமும் கேட்க வேண்டியது உண்டு. வரம்பு எவ்வளவு என்பதோடு எந்த முறையில் சோதிப்பார்கள், குரோம் சிக்ஸுக்கு முதுமையாக்கிய பிறகா அதற்கு முன்னாலா, எந்தத் தேதிப் பட்டியல், கப்பல் ஏறிய பிறகு விதி மாறினால் யார் பொறுப்பு என்பதையும் ஆர்டர் பேப்பரிலேயே எழுத வையுங்கள். பெரிய பிராண்டுகள் தங்கள் சொந்தத் தடைப்பட்டியலை அனுப்புவார்கள். ஆஃபிர்ம் என்ற கூட்டமைப்பின் பட்டியலும், நிறுத்தவேண்டிய ரசாயனங்களைத் தொழிற்சாலை வாசலிலேயே தடுக்கும் இசட்டிஹெச்சி பட்டியலும் பல நாடுகளின் கடுமையான வரம்புகளை ஒரே இடத்தில் தருகின்றன. அரசுகள் ஒத்துப்போகாத இடத்தில் வியாபாரிகள் தங்களுக்குள் ஒத்துப்போய்விட்டார்கள் என்றுதான் இதைப் பார்க்கிறேன். இரண்டையும் இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். நாலு நாட்டுச் சட்டத்தைப் படிப்பதற்குப் பதில் இந்த ஒன்றிலிருந்து தொடங்கினால் முக்கால்வாசி வேலை முடியும்.

வரப்போகும் விதியை முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு ஒன்று தனியாகத் தொழில்நுட்ப விதி போட நினைத்தால், வரைவை டிரிஸ் என்ற பொதுத் தளத்தில் ஏற்றி, பொதுவாக மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பிலும் அறிவிப்பார்கள். ஈபிங் என்ற இலவசச் சேவையில் தோல், காலணி என்று பதிந்து வைத்தால் மின்னஞ்சல் வந்துவிடும். அப்புறம் சேஃப்டி கேட் என்ற ஐரோப்பிய எச்சரிக்கைப் பட்டியல் வாரம் ஒருமுறை வரும். எந்த நாடு, எந்தப் பொருள், எந்த ரசாயனம், எவ்வளவு என்று படத்தோடு இருக்கும். குரோம் சிக்ஸுக்காக மாட்டிக்கொள்ளும் தோல் கையுறைகளையும் காலணிகளையும் அதில் அடிக்கடி பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யார் எதைத் தேடுகிறார்கள் என்று சட்டப் புத்தகத்தைவிட அது நன்றாகச் சொல்லும்.

மனதில் உறுத்துவது ஒன்று உண்டு. விதிகள் ஒத்துப்போகாததன் செலவு கடைசியில் யார் மேல் விழுகிறது? பிராண்டு ஒரு பட்டியலை அனுப்பும், ஏற்றுமதியாளர் அதை டேனரிக்குத் தள்ளுவார், டேனரி இரண்டு டிரம் வைத்து ஜாப் ஒர்க் செய்பவருக்குத் தள்ளும். அவரிடம் பிஹெச் மீட்டர்கூட ஒழுங்காக இருக்காது. சோதனைக் கட்டணம் அவர் கூலியிலிருந்துதான் கழியும். இது நியாயமில்லை என்று நான் பையர்களிடம் நேராகவே சொல்லியிருக்கிறேன். சிலர் கேட்டிருக்கிறார்கள், முதல் லாட் சோதனைச் செலவைத் தாங்களே ஏற்றிருக்கிறார்கள். நீங்களும் கேளுங்கள். கேட்பவருக்குக் கிடைக்கிறது. பொதுக் கழிவுநீர் நிலையங்களை நம் பகுதி டேனரிகள் சேர்ந்து நடத்துவதுபோல, நாலைந்து சிறு ஜாப் ஒர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கெமிக்கல் ஸ்டோர், ஒரு பதிவேடு, ஒரு படித்த பையன் என்று வைத்துக்கொண்ட இடங்களில் திரும்பி வந்த சரக்கு குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நாளைக்கே தொடங்குவதென்றால், உங்கள் ஃபினிஷிங் அறையில் இருக்கும் நீர்விலக்கி டப்பாக்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றின் பெயர், பேட்ச், வாங்கிய தேதி எழுதுங்கள். சப்ளையரிடம் ஃப்ளூரின் உண்டா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். உண்டு என்றால் அந்த டப்பாவால் செய்த சரக்கில் எத்தனை ஜோடி எந்தக் குடோனில் இருக்கிறது, அதில் பிரான்ஸ், டென்மார்க் ஆர்டருக்கு ஒதுக்கியது எவ்வளவு என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையோடு அந்த இரண்டு பையர்களுக்கும் இந்த வாரமே எழுதுங்கள்.